பால் கணக்கும் பந்துக் கணக்கும்

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும், மளிகைக் கடையில் வருடா வருடம் கொடுப்பது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் மனைவி பால் கணக்கு எழுதுவாள். 1, 1, 1½, யாராவது விருந்தாளி வந்தால் 2. அதே கட்டத்தின் கீழ் மூலையில் இரண்டு வருடமாக இன்னொரு எண்ணும் இருக்கிறது. 36, 0, 42, 0, 0, 48 என்று போகும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ சீட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அது என் மகன் அன்றைக்குக் கிரிக்கெட்டில் போட்ட பந்துகளின் எண்ணிக்கை.

அந்த எண்ணை எழுத ஆரம்பிப்பதற்கு எங்களுக்கு ஒரு முதுகெலும்பு செலவானது.

நாங்கள் திருச்சி. எனக்கு வண்டி உதிரி பாகக் கடை. சின்ன வயதில் நானும் டென்னிஸ் பந்தில் வேகமாகப் போட்டவன்தான், காவிரிப் படுகையில் விளையாடிய காலம் அது, அதற்கு மேல் எங்கும் போகவில்லை. அதனால் மகன் பதினோரு வயதில் ஓடிவந்து ஒரு பந்தைக் குத்தி எழுப்பியபோது எனக்கு வந்த ஆசை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. அகாடமியில் சேர்த்தேன். பதிமூன்று வயதில் பள்ளி டீம், பதினான்கில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களுக்குப் பெரிய பையன்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் அவன் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தான், கதவு நிலையில் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. வளர வளர வேகமும் கூடியது, நாங்கள் பூரித்துப்போனோம். அந்தக் கோடு ஒரு எச்சரிக்கை என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு வந்தது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் மட்டை, பந்து எல்லாம் கட்டிலுக்கு அடியில். தேர்வு முடிந்த மறுநாள் கோடைக்கால முகாம். காலை ஆறு மணிக்கு நெட்ஸ், அதாவது வலைக்குள் பயிற்சி, மாலை நாலு மணிக்கு மறுபடியும். வேகமாகப் போடுகிற பையன்கள் முகாமில் எப்போதும் குறைவு, பேட்டிங் ஆசையோடு வந்தவர்கள் நிறைய, ஆகவே இவன் கையில்தான் எப்போதும் பந்து. காலையில் ஒரு அறுபது, மாலையில் ஒரு அறுபது, வாரத்துக்கு ஆறு நாள். கணக்குப் போட்டால் 720. பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கு இது, அப்போது யார் எண்ணினார்கள்? இரண்டு மாதம் பூஜ்யத்தில் கிடந்த உடம்பு திடீரென்று வாரம் எழுநூறு பந்துக்கு ஏறியிருக்கிறது. கடையில் புது இன்ஜின் மாட்டிய வண்டிக்காரரிடம், முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காதீங்க என்று தினமும் சொல்கிறவன் நான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சின்னச் சின்ன மாற்றங்கள். ஷூ லேஸ் கட்ட அவன் குனியவில்லை, நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக் கட்டினான். இருபது லிட்டர் தண்ணீர் கேனை வழக்கமாக அவன்தான் தூக்கிக் கவிழ்ப்பான், இப்போது தங்கையைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தூக்கினார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் ஏறினால் மூச்சை இழுத்துப் பிடிப்பது முதுகுக்குப் பின்னால் எனக்குக் கேட்கும். கேட்டால், "லேசா பிடிச்சிருக்குப்பா, சரியாயிடும்" என்பான். கோச்சிடமும் ஒரு தடவை கேட்டேன். "பாஸ்ட் பவுலர்னா முதுகு வலிக்கத்தான் சார் செய்யும், ஸ்ட்ரெச் பண்ணச் சொல்லுங்க" என்றார். எனக்கு அது வசதியான பதிலாக இருந்தது, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் அம்மாவுக்குக் கை ராசி உள்ள ஒருவரிடம் சுளுக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. அங்கேயும் போனோம். அவர் எண்ணெய் போட்டு அழுத்தி, முதுகைப் பின்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். பையன் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. "அவ்வளவுதான், விட்டுடுச்சு" என்றார் அவர். எதுவும் விடவில்லை. எலும்பில் விரிசல் இருக்கிறவனை எந்தத் திசையில் வளைக்கவே கூடாதோ அந்தத் திசையில்தான் வளைத்திருக்கிறோம். சுளுக்கு எடுப்பவர்கள் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது, கழுத்துப் பிடிப்புக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் வளரும் பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வலி என்றால், என்ன என்று தெரிந்துகொள்ளாமல் யாரையும் தொட விடாதீர்கள்.

விஷயம் வெளியே வந்தது வேறு வழியில். அம்மாவுக்கு முட்டி வலி, தினம் ராத்திரி ஒரு வலி மாத்திரை. ஒரு நாள் மனைவியிடம், "ஏம்மா, பத்து மாத்திரை அட்டை ஏழெட்டு நாள்ல தீந்துபோவுது, நான் ரெண்டு தடவை போட்டுடுறேனா, மறதி வந்துடுச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு மறதி இல்லை. பேரன் மேட்ச் இருக்கிற அன்றைக்கெல்லாம் அப்பாயி மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறான், சில நாள் சாப்பிடாமலேயே. வெறும் வயிறு, வெயில், வியர்வை, அதோடு வலி மாத்திரை. வயிற்றைப் புண்ணாக்குவதோடு, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதைவிட, வலி என்பது உடம்பு அடிக்கிற மணி, இவன் மணியின் நாக்கை அறுத்துவிட்டு ஓவர் போட்டுக்கொண்டிருந்தான்.

எலும்பு மருத்துவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். "இடது கால்ல மட்டும் நில்லு தம்பி. அப்படியே பின்னாடி வளை." அவன் வளைந்தான், பாதியிலேயே முகம் சுருங்கி, விரல் தானாக இடுப்புக்கு இடப்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டது. "வலது கையில போடுறியா?" "ஆமா சார்." "அதான்." சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் அதில் தெரியாது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகி மறுபடி பந்து போடப் போகிறவர்கள்தான் அதிகம் என்றார். எம்ஆர்ஐ எடுத்ததில் இடுப்பின் கடைசி முள்ளெலும்பில் இடப்பக்கம் எலும்புக்குள் நீர் கோத்து, மயிரிழை போல விரிசல் தொடங்கியிருந்தது. ஸ்ட்ரெஸ் பிராக்சர்.

அவர் படம் வரைந்து சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, மெக்கானிக் புத்தி என்பதால் இருக்கலாம். வலது கைப் பவுலர் இடது காலை ஊன்றிப் பந்தை விடுகிற அந்தக் கணத்தில் இடுப்பு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, அதே நேரம் திருகவும் செய்கிறது. ஊன்றிய காலில் இறங்குகிற விசை உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு. முள்ளெலும்பின் பின்பக்கத்தில் மெலிந்த பாலம் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது, எல்லாம் போய் இடிப்பது அங்கேதான், அதுவும் பந்து போடுகிற கைக்கு எதிர்ப்பக்கம். ஒரு கம்பியைக் கையால் ஒடிக்க முடியாவிட்டால் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதேதான். ஆனால் எலும்பு கம்பி இல்லை. ஓய்வு கிடைத்தால் தேய்ந்த இடத்தை அதுவே கட்டிக்கொள்ளும், அடுத்த நாளே மறுபடி வளைத்தால் கட்டுவதற்குள் உடைந்துகொண்டே வரும். மடமடவென்று உயரம் கூடுகிற வயதில் எலும்பு முதலில் நீளத்தான் செய்கிறது, கெட்டிப்படுவது பின்னால்தான். தசைகளும் அந்த நீளத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் விறைத்துக் கிடக்கும். கதவு நிலையில் ஒன்பது சென்டிமீட்டர் ஏறிய வருடத்தில் நாங்கள் குறைத்திருக்க வேண்டும், கூட்டினோம்.

"நல்லவேளை, விரிசல் முழுசா விழல. இப்பவே நிறுத்துனா சேர்ந்துடும். இன்னும் நாலு மாசம் இழுத்திருந்தா இடைவெளி விழுந்து அப்படியே நின்னுருக்கும்" என்றார். எத்தனை நாள் என்று பையன் கேட்டான். "பந்தைத் தொடுறதுக்கே மூணு நாலு மாசம்." அவன் அழவில்லை. சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ராத்திரி மின்சாரம் போய் மொட்டை மாடியில் படுத்திருந்தபோது கேட்டேன், ஏன்டா சொல்லவில்லை என்று. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நீங்க மாமாகிட்ட போன்ல அடுத்த வருஷம் அண்டர் பதினாறு கன்பார்ம்னு சொன்னீங்கப்பா."

எனக்கு அந்த போன் பேச்சு ஞாபகம்கூட இல்லை. மச்சானிடம் சும்மா பீற்றிக்கொண்டது. அது அவன் காதில் விழுந்து, அவன் அதை ஒரு கடன் மாதிரி தலையில் ஏற்றிக்கொண்டு, அப்பாயி மாத்திரையைத் திருடிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போகிற மற்றதெல்லாம் எண்களும் முறைகளும்தான், அவற்றை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் எங்கேயும் படிக்க முடியாது. உங்கள் பிள்ளை வலியை ஏன் மறைக்கிறது என்பது நீங்கள் அது காதுபட என்ன பேசினீர்கள் என்பதில் இருக்கிறது.

சரி, எண்கள். படுத்துக் கிடந்த அந்த மாதங்களில் நானும் அவனும் சேர்ந்து படித்தோம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல வருடங்களாகச் சிறுவர்களுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளைக்கு மொத்தம் 10 ஓவர். 14, 15 வயதில் 6 ஓவரும் 12 ஓவரும். 16, 17-ல் 7 ஓவரும் 18 ஓவரும். நெட்ஸுக்கும் அளவு உண்டு: 14, 15 வயதுப் பையனுக்கு ஒரு தடவைக்கு 36 பந்து, வாரத்துக்கு இரண்டு தடவை. எந்த ஏழு நாளிலும் நாலு நாளுக்கு மேல் வேகப்பந்து கூடாது, தொடர்ச்சியாக இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. வாரத்துக்கு 72 பந்து நெட்ஸில் போட வேண்டிய வயதில் இவன் 720 போட்டிருக்கிறான். அவன்தான் அதைக் கண்டுபிடித்து, "அப்பா, சரியா பத்து மடங்குப்பா" என்றான், ஏதோ சாதனை மாதிரி.

பிரபலமானவர்களின் கதையும் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல் விழுந்து படுத்தவர், மாவுக்கட்டில் கிடந்து, உடம்பையும் வீச்சையும் மாற்றிக்கொண்டு, 1974-75-ல் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். அதே மனிதர்தான் 1987-லிருந்து நம்ம சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் என்கிற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. (அங்கே வேகப்பந்து கற்றுக்கொள்ளப் போன பதின்வயது டெண்டுல்கரை நீ பேட்டிங்கைப் பாருப்பா என்று திருப்பி அனுப்பியவரும் அவர்தான், உலகத்துக்கே அது நல்லதாகப் போயிற்று.) இன்னொரு ஆஸ்திரேலியர் பாட் கம்மின்ஸ் 2011-ல் பதினெட்டு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், நம்ம ராஞ்சியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல், பெரும்பாலும் முதுகுதான். பும்ராவுக்கு 2019-ல் வந்தது, 2022-ல் மறுபடி வந்து உலகக் கோப்பை போய், 2023-ல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை வரை போனது. உலகத்திலேயே நல்ல பிசியோக்கள் சுற்றி நிற்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆட்டோ பிடித்து நெட்ஸுக்குப் போகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லை என்பதுதான் உண்மை. பள்ளி பி.டி. சார் தன் மேட்சை மட்டும் எண்ணுவார், அவரையும் குறை சொல்ல முடியாது, அறுநூறு பிள்ளைக்கு அவர் ஒருத்தர். அகாடமி தன் நெட்ஸை மட்டும் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை டீம்காரர்களுக்கு ஜெயித்தால் போதும். அதுபோக, சாயங்காலம் தெருவில் டென்னிஸ் பந்தில் எட்டு ஓவர், அதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை, முதுகு மட்டும் சேர்த்துக்கொள்கிறது. நாலு இடத்துப் பந்தும் ஒரே முதுகில்தான் விழுகிறது, அந்த நாலையும் கூட்டக்கூடிய இடம் வீடு மட்டும்தான். இதில் ஒரு வேடிக்கை. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் தேர்வில் வயது ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்க்க மெஷின் இருக்கிறது, அந்த எலும்பு போன மாதம் எத்தனை பந்து சுமந்தது என்று கேட்க ஆள் இல்லை.

அப்படித்தான் பால் காலண்டர் கணக்கு ஆரம்பித்தது. நோட்டுப் போட்டால் தொலைந்துவிடும், போனில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. பால் கணக்கு தினமும் எழுதியே ஆக வேண்டும், அதனால் இதுவும் எழுதப்பட்டுவிடுகிறது. பந்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வலி இருந்தால் ஒரு புள்ளி. ஒரு வாரத்தில் இரண்டு புள்ளி வந்தால் அந்த வாரம் பந்து கிடையாது, விவாதமும் கிடையாது. புள்ளி வைத்ததற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது எனக்கு மனைவி போட்ட விதி.

ஓய்வு மாதங்கள் கொடுமை. முதல் ஆறு வாரம் ஓட்டம்கூட இல்லை, நடை மட்டும். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவர், வயதில் சின்னவர், மகா கண்டிப்பு. நாலு காலில் நின்றுகொண்டு வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பத்து எண்ணுவது, பக்கவாட்டுப் பிளாங்க், சுவரில் காலைத் தூக்கி வைத்துத் தொடைப் பின்தசையை நீட்டுவது. பையனுக்கு இதெல்லாம் பொம்பளைப் பிள்ளை எக்சர்சைஸ் என்று இளக்காரம், தங்கை பக்கத்தில் படுத்து அவனைவிட இருபது விநாடி அதிகம் பிளாங்க் நின்று காட்டிய அன்றைக்கு அந்தப் பேச்சு நின்றது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு. தினமும் வெயிலில் காய்கிறவனுக்கா என்று எனக்கு நம்ப முடியவில்லை, டாக்டர் நம் ஊரில் இது சகஜம் என்றார். அதற்கு மாத்திரை, தினம் முட்டை, காலண்டரில் பால் அரை லிட்டர் கூடியது. டீமோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று ஸ்கோர் புத்தகம் எழுத அனுப்பினேன். முதல் வாரம் அவமானமாக இருக்கிறது என்றான், பிறகு எந்த பேட்ஸ்மேன் எதில் அவுட் ஆகிறான் என்று அவனே குறித்துவைத்து கோச்சிடம் காட்ட ஆரம்பித்தான்.

வீச்சையும் வீடியோ எடுத்துப் பார்த்தோம். போன் கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்தது, ஓடிவரும்போது இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்து நேராக இருக்கிறது, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. இடுப்பு ஒரு திசை, தோள் ஒரு திசை, நடுவில் முதுகு துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது. இந்தக் கலப்பு வீச்சு முதுகுக்கு ஆகாது என்பது ஆஸ்திரேலியாவில் 1980-களிலேயே ஆராய்ந்து சொன்ன விஷயம். இரண்டும் ஒரே திசை பார்க்கும்படி மாற்ற, அகாடமியில் வேறொரு கோச் மூன்று மாதம் பொறுமையாக உழைத்தார்.

திரும்பி வந்தது இப்படி: முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடந்து வந்து 12 பந்து, பாதி வேகத்தில். இரண்டு வாரம் புள்ளி இல்லாவிட்டால் 18, பிறகு 24, அப்புறம்தான் பாதி ரன்-அப். முழு வேகத்துக்கு வர பத்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. அவனுக்கு நடுவில் ஒரு நாள் உடம்பு பறந்திருக்கிறது, 24 எழுத வேண்டிய இடத்தில் 24 என்றே எழுதினான், ஆனால் போட்டது 50. மறுநாள் அவனே வந்து அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் காலண்டர் வேலை செய்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்தபோது மறுபடி அந்த இரண்டு மாதப் பள்ளம் வரும் என்று தெரியும். இந்தத் தடவை முழுக்க நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், 24 பந்து, நேரே வீட்டுக்கு. படிப்பு கெட்டுவிடவில்லை. முகாமுக்கும் அனுப்பினேன், ஆனால் காலையில் மட்டும், முதல் வாரம் 36 பந்துக்கு மேல் இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். இதை எல்லா விளையாட்டுக்காரப் பெற்றோருக்கும் சொல்வேன். நம் ஊரில் பிள்ளைகளுக்கு அடிபடுவதற்கு மே மாதம் ஒரு பெரிய காரணம். தேர்வுக்காகக் கட்டிப்போட்டுவிட்டு, முடிந்த மறுநாள் அவிழ்த்துவிடுகிறோம். கபடியோ, வாலிபாலோ, ஓட்டமோ, எதுவாக இருந்தாலும் நிறுத்திய காலம் எவ்வளவோ அவ்வளவு காலம் எடுத்து ஏறட்டும்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் 800 மீட்டர் ஓடுகிறாள், அவளுக்கு இப்போது பதிமூன்று. போன வருடம் குறுவட்டப் போட்டியில், பிப்ரவரியிலோ டிசம்பரிலோ இல்லை, வெயில் கொளுத்துகிற ஆகஸ்ட் மதியம் பன்னிரண்டரைக்கு ஓட விட்டார்கள். முடித்தாள், நாலு தப்படி வைத்தாள், பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். அங்கே இருந்த ஒரு மாஸ்டர் நல்ல அனுபவசாலி. பேச்சு குழறினால் காத்திருக்கக் கூடாது என்று உடனே நிழலுக்கு இழுத்து, ஷூவைக் கழற்றி, டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு மொண்டு தலையிலிருந்து ஊற்றி, ஐஸ் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, இரண்டு பேரைவிட்டு அட்டையால் விசிறச் சொன்னார். 108-க்கு போன் போட்டது இன்னொருவர். முதலில் குளிர வை, அப்புறம்தான் வண்டியில் ஏற்று என்பது அவர் கணக்கு, ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் பாராட்டினார்கள். பத்து நிமிடத்தில் அவளுக்குத் தெளிந்தது. மயங்கிய பிள்ளை வாயில் தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்ததும் அவர்தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகு விசாரித்தால், காலை ஆறு மணியிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் நிறையவே இருந்தது. "அங்க பாத்ரூம் பூட்டியிருந்துச்சுப்பா, தண்ணி குடிச்சா போகணும்ல?" என்றாள். அவள் டீமில் கேட்டுப் பார்த்தேன், எட்டுப் பெண் பிள்ளைகளில் ஏழு பேர் போட்டி நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிடாய் நாளாக இருந்தால் சாப்பிடுவதும் இல்லை. பல வருடமாக மைதானங்களில் நின்றிருக்கிறேன், இது என் புத்திக்கு எட்டியதே கிடையாது, ஏனென்றால் எனக்குச் சுவர் ஓரம் போதும். நீர்ச்சத்து, ஓ.ஆர்.எஸ்., சிறுநீர் மஞ்சளாகப் போனால் இன்னும் குடி என்று ஆயிரம் சொல்லலாம். கழிப்பறை திறந்திருக்காவிட்டால் பெண் பிள்ளை அதில் எதையும் கேட்கப்போவதில்லை. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை, ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம், அதுவும் கடைசியில் எலும்பு விரிசலில்தான் கொண்டுபோய் விடும் என்று அந்தக் கண்டிப்பான பிசியோ மகளிடம் தனியாக உட்கார்ந்து பேசினார். அம்மா அப்பா சொல்வதைவிட அது ஏறியது.

தலையில் அடி பற்றி ஒரே ஒரு வார்த்தை. எங்கள் அகாடமியில் ஒரு பையனுக்கு ஹெல்மெட்டில் பந்து பட்டது, தண்ணீர் தெளித்து மறுபடி ஆட விட்டார்கள், சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். நல்லவேளையாகத் தேறிவிட்டான். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸ் 2014-ல் கழுத்தில் பந்து பட்டு இறந்துபோன பிறகு உலகமே இந்த விஷயத்தில் விழித்தது, 2019-லிருந்து சர்வதேச ஆட்டத்தில் தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆளே இறக்கலாம். ஆனால் நம் மைதானங்களில் இன்னும் "ஒண்ணும் இல்லடா, நில்லு" தான். தலையில் பட்டு, தலை சுற்றுகிறது, மங்கலாகத் தெரிகிறது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறான் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவன் எவ்வளவு கெஞ்சினாலும். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

பயிற்சியாளர்களிடம் எப்படிப் பேசுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சண்டை போட்டால் பையனை உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம், நியாயமான பயம்தான். நான் காலண்டரை போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். "சார், செவ்வாய் 36, வியாழன் 42 போட்டிருக்கான், சனிக்கிழமை உங்க மேட்ச்ல தொடர்ச்சியா ஆறு ஓவருக்கு மேல வேண்டாம், எப்ப போடணும்ங்கறது உங்க முடிவு." எண்ணோடு பேசினால் யாரும் கோபப்படுவதில்லை. முகாம் நடத்துகிற அந்த முதல் கோச்சே இப்போது வேகப்பந்துப் பையன்களுக்கு ஒரு பலகையில் எண்ணிக்கை எழுதுகிறார், எங்களிடமிருந்து எடுத்தது என்று ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

மகன் அந்த வருடம் அண்டர் பதினாறு தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் போய்க் கிடைக்கவும் இல்லை. இப்போது மாவட்ட லீக்கில் ஆடுகிறான், மச்சான் போன் செய்தால் நான் பையன் படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நாளை மறுநாள் மகளுக்குக் குறுவட்டப் போட்டி. இன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அந்த மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. விசாரித்ததில் சாவி வாட்ச்மேன் வீட்டில் இருக்கிறதாம், அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. நம்பர் வாங்கி வந்திருக்கிறேன், காலை ஆறரைக்குத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாளியும் குவளையும் நாங்களே கொண்டுபோகிறோம்.